செக்கெண்ணெயும் ஆலையெண்ணெயும்

திருகோணமலைப் பட்டினத்தினின்று வடக்கு நோக்கிச் செல்லும் கரையோரப் பெருந்தெரு உப்புவெளியையும் நிலாவெளியையும் கடந்து, களப்பு நீர் கடலோடு கலக்கும் இடத்தில் இறக்கக்கண்டியை அடைகின்றது. பாலத்தைத் தாண்டினாற் குச்சவெளி. அதற்கும் அப்பால் இல்மனைற்று மணலாற் பெயர்பெற்ற புல்மோட்டை. மீன்பிடித் தொழிலோடு வாழும் இக்கரையில் எண்ணெயின் வரலாற்றைத் தொடங்குவதற்குத் தக்க காரணமுண்டு. இதன் தென்புறத்தே, பெரியகுளத்தின் அருகே, வெல்கம் விகாரை எனப்படும் பழைய பௌத்தப் பள்ளியின் இடிபாடுகள் இருக்கின்றன. சோழர் இலங்கையின் வடபகுதியை ஆண்ட 11ஆம் நூற்றாண்டில் அது இராசராசப் பெரும்பள்ளி என்னும் பெயர் தாங்கி நின்றது. அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள் பள்ளிக்கு அளிக்கப்பட்ட பசுக்களையும், அணையாது எரியவேண்டிய நந்தா விளக்குகளையும் குறிக்கின்றன. நிலாவெளியிற் கிடைத்த மற்றொரு கல்வெட்டு, கோணமலையில் எழுந்தருளிய ஈசனுக்கு 250 வேலி நிலம் வழங்கப்பட்டதைக் கூறுகின்றது.

விளக்கு என்றால் நெய் வேண்டும், அன்றேல் எண்ணெய் வேண்டும். பசு கொடுத்த இடத்தில் நெய் எரிந்தது என்று கொள்ளலாம். எண்ணெய் எரிந்த இடங்களில் அதைப் பிழிந்து கொடுத்தவர் யாவர்? சோழநாட்டுக் கல்வெட்டுகள் இதற்கு விடை தருகின்றன. சங்கரபாடியார் என்னும் எண்ணெய் வாணிகர், கோயிலார் கொடுத்த பொன்னை முதலாகப் பெற்று, அதன் பலிசைக்கு ஈடாக நாள்தோறும் உழக்கு எண்ணெயோ உரி எண்ணெயோ அளந்து வந்தனர். அரசு அவர்தம் செக்கின்மேற் செக்கிறை என்னும் வரியை விதித்தது. எள்ளின் நெய் என்பதே எண்ணெய் ஆயிற்று என்பதை நேயர்கள் அறிவர். பின்னர் வந்த தேங்காயின் நெய்யும், வேம்பின் நெய்யும், மண்ணிலிருந்து எடுத்த நெய்யுங்கூட அப்பெயரையே பூண்டன. எள்ளிலிருந்து பெற்றதற்கோ நல்லெண்ணெய் என்று அடைமொழி கொடுத்துத் தனியே பிரிக்க வேண்டியதாயிற்று.

இங்கு ஒன்றை நினைவிற் கொள்ளல் நன்று. நெடுங்காலம் எண்ணெயின் பெருஞ்செலவு அடுப்பிலன்றி அகலிலே நிகழ்ந்தது. அகலுக்கு உயிர்ச்சத்துப் பற்றிய கவலை இல்லை. புகையாமல் எரிந்தாற் போதும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மண்ணெண்ணெய் வந்து வித்தெண்ணெயை விளக்கினின்று விடுவித்தது.

செக்கின் அமைப்பு எளியது. மரத்தினாலோ கல்லினாலோ குடைந்த உரல். அதனுட் சாய்ந்து நிற்கும் உலக்கை. உலக்கையோடு பொருத்தப்பட்டு, பாரம் ஏற்றப்பட்டு, மாட்டினாற் சுற்றியிழுக்கப்படும் நீண்ட மரம். உலக்கை உரலின் சுவரோடு வித்தை நசுக்கி அரைக்கிறது. எள்ளாட்டும்போது சிறிது நீர் தெளிப்பர். தமிழ்நாட்டிற் பனங்கருப்பட்டியும் இடுவர். சுவைக்காக மட்டும் அவ்வாறு செய்வதாக எண்ணுதல் கூடாது. நசுங்கிய வித்தின் புரதப்பகுதி அந்த ஈரத்தைப் பற்றிக்கொண்டு திரள, எண்ணெய்த் துளிகள் ஒன்றுகூடிப் பிரிந்து நிற்கும். வேதியியல் நூல் படியாத செக்காட்டுவார் கண்ட உண்மை இது. உரல் மெல்லச் சுற்றுவதால் வெப்பம் அதிகம் ஏறுவதில்லை. உராய்வினாற் சூடு சற்று உண்டாகும், அவ்வளவே. வேலையோ கடியது. 1908ஆம் ஆண்டிற் சிறைப்பட்ட வ. உ. சிதம்பரம்பிள்ளையைக் கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிற் பூட்டியதனை நினைக்குங்கால், இக்கருவி எத்தகைய உழைப்பை வேண்டியது என்பது விளங்கும்.

அத்தனை உழைப்பிற்குப் பின்னும் எண்ணெய் முழுவதும் வந்து விடுவதில்லை. எள்ளில் நூற்றுக்கு ஏறக்குறைய 50 பங்கு எண்ணெய் உண்டு. செக்காட்டிய பிண்ணாக்கில் நூற்றுக்கு 10 பங்கும் அதற்கு மேலும் எஞ்சிவிடுகின்றது. இந்தப் பத்துப் பங்குதான் ஆலை முதலாளியின் கண்ணை உறுத்தியது. அடுத்த இரு நூற்றாண்டுகளின் எண்ணெய்த் தொழில் வரலாறு முழுவதும் இப்பத்துப் பங்கைத் துரத்திச் சென்ற வரலாறேயாகும்.

இங்கிலாந்தில் யோசேப்பு பிராமா என்பார் 1795இல் நீரழுத்த எந்திரத்துக்கு உரிமை பெற்றார். 19ஆம் நூற்றாண்டிற் கொழும்பிலும் அத்தகைய எந்திரங்கள் நீராவியின் துணையோடு கொப்பராவைப் பிழியத் தொடங்கின. பிழிந்த எண்ணெய் சமையலுக்காகச் சென்றதில்லை. சவர்க்காரத்துக்கும் மெழுகுதிரிக்குமாகக் கப்பலேறியது. இலண்டன் பிறைஸ் மெழுகுதிரிக் கம்பனி இலங்கையிலே தென்னந்தோட்டங்களையும் விலைக்கு வாங்கி வைத்திருந்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் வலேரியஸ் அண்டர்சன் 1900இல் ஒரு திருகாணிப் பொறியை அமைத்தார். ஊர்தோறும் 'எக்ஸ்பெலர்' என்று வழங்குவது அதன் வழித்தோன்றலே. உருக்குக் குழாயினுட் சுழலும் திருகு வித்தை முன்னோக்கித் தள்ளி நெருக்குகின்றது. அந்நெருக்கத்தில் எழும் வெப்பம் 100 பாகை செல்சியசு அளவையும் எட்டக்கூடும். பிண்ணாக்கில் மிஞ்சும் எண்ணெயோ நூற்றுக்கு 5 முதல் 8 பங்காகக் குறைந்தது.

அதுவும் போதவில்லை. பிரான்சு நாட்டில் எட்வார்ட் டெய்ஸ் என்பவர் 1855ஆம் ஆண்டளவிற் காபனிருசல்பைட்டு என்னும் திரவத்தில் எண்ணெயைக் கரைத்தெடுக்க வழி கண்டார். பின்னர் பெற்றோலியத்திலிருந்து பெறப்படும் எக்சேன் அதன் இடத்தைப் பிடித்தது. வித்தை மெல்லிய தகடாக உருட்டி, எக்சேனில் நனைத்து, எண்ணெயைக் கரைத்து, பின் எக்சேனைக் காய்ச்சி வடித்து மீட்பது இம்முறை. எஞ்சிய பிண்ணாக்கில் நூற்றுக்கு 1 பங்கு எண்ணெய்கூட இராது. சோயா அவரைபோல் நூற்றுக்கு 18 அல்லது 20 பங்கே எண்ணெயுள்ள வித்துக்களும், தவிடும் மனிதனுக்குப் பேரளவில் எண்ணெய் தரத்தொடங்கியது இதனால்தான். ஏழை வீட்டுச் சட்டிக்கு எண்ணெய் மலிவாய்க் கிடைத்ததும் இதனால்தான். கரைப்பான் முறையை வெறுமனே இகழ்வோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

ஆனால் கரைத்தெடுத்த எண்ணெய் அப்படியே உண்ணத் தக்கதன்று. கருத்து, கலங்கி, நாறும். எனவே பசைப்பொருளை நீக்குதல், காரமிட்டுப் புளிப்பை முறித்தல், வெளிற்றும் மண்ணினால் நிறம் போக்குதல் என்னும் படிகளைக் கடந்து, ஈற்றில் வெற்றிடத்தில் 200 பாகைக்கு மேலும் சூடாக்கி நீராவி செலுத்தி மணம் போக்குவர். வெளிவருவது நிறமற்ற, மணமற்ற, சுவையற்ற நெய்ப்பொருள். எந்த வித்திலிருந்து வந்தது என்று நாவினாற் கண்டுகொள்ளல் அரிது.

இவ்விடத்தே இந்தியாவில் எழுந்த ஒரு பெரும் வழக்கைச் சொல்லல் வேண்டும். 1934இல் காந்தியடிகள் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தை நிறுவி, வார்தாவில் மகன்வாடி என்னுமிடத்தில் அதன் நிலையத்தை அமைத்தார். சங்கத்தை நடத்திய ஜே. சி. குமரப்பா தஞ்சாவூரிற் பிறந்த தமிழர். மேனாட்டிற் பொருளியல் பயின்றவர். அங்கே ஜாவேர்பாய் பட்டேல் என்பார் பழைய செக்கை ஆராய்ந்து திருத்தி வார்தாச் செக்கு என ஒன்றை அமைத்தார். ஆலை எண்ணெயை எதிர்த்து அவர்கள் சொன்ன காரணங்கள் பல. ஊரிலே விளைந்த எள் ஆலைக்குப் போனால், செக்காட்டுவாரின் பிழைப்புப் போயிற்று. மாட்டுக்கு வேண்டிய பிண்ணாக்கும் போயிற்று. புதிதாய் ஆட்டிய எண்ணெயும் போயிற்று. அவ்வாண்டுகளில் ஆலை எண்ணெய்க்கு ஓர் உடன்பிறப்பும் தோன்றியிருந்தது. 1902ஆம் ஆண்டளவில் வில்லெம் நோர்மன் என்னும் செருமானியர் திரவ எண்ணெயை ஐதரசனேற்றி உறையச் செய்யும் வழியைக் கண்டிருந்தார். அதன் பயனாய் 1937இல் டால்டா இந்தியச் சந்தைக்கு வந்தது. நெய்போலத் தோன்றிய அதனை நெய்யிற் கலந்து விற்றனர் வணிகர். இந்திய அரசு அதற்கு ஒரு நல்ல சூழ்ச்சி செய்தது. வனஸ்பதியில் நூற்றுக்கு 5 பங்கு நல்லெண்ணெய் கட்டாயம் சேர்த்தல் வேண்டும் என்று விதித்தது. நல்லெண்ணெயிலுள்ள ஒரு பொருள் அமிலத்தோடும் பேர்பியூரலோடும் சேர்ந்தாற் செந்நிறம் காட்டும். நெய்யென்று விற்றதை ஒரு சோதனைக் குழாயிலிட்டால், ஒளிந்திருந்த எள் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்.

வார்தாவினர் செக்கெண்ணெயே சத்துள்ளது என்றனர். அவர்கள் கூற்று எவ்வளவு உண்மை? அக்காலத்தே அதனை நிறுவவோ மறுக்கவோ போதிய கருவிகள் இருக்கவில்லை. விற்றமின் ஈ என்பது 1922இல் ஈவான்சு, பிசப்பு என்னும் இருவரால் அறியப்பட்டு, 1936இலேதான் கோதுமை முளையின் எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. உடலாற் செய்துகொள்ள இயலாத கொழுப்பமிலங்கள் உண்டு என்பதை ஜோர்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்னும் தம்பதியர் 1929இல்தான் வெளியிட்டனர். இன்றோ விடை ஓரளவு தெளிவாயிருக்கின்றது. அது செக்கின் அடியார்க்கும் ஆலையின் அடியார்க்கும் முற்றும் இனிப்பதன்று.

முதலாவதாக, ஒரு வித்தின் கொழுப்பமிலங்களைத் தீர்மானிப்பது வித்தே; பிழியும் கருவியன்று. தேங்காயெண்ணெயில் நூற்றுக்கு 90 பங்களவு நிரம்பிய கொழுப்பமிலம் உண்டு. செக்கில் ஆட்டினாலும் எக்சேனிற் கரைத்தாலும் அது மாறாது. நல்லெண்ணெயில் ஒலேயிக்கமிலமும் லினோலேயிக்கமிலமும் ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்கு வீதம் இருப்பதும் அவ்வாறே. ஆகவே தேங்காயெண்ணெயை அளவாய் உண்க என்று மருத்துவர் சொல்லும்போது, 'இது செக்கிலாட்டியது' என்று விடையிறுத்தல் பொருந்தாது. ஐதரசனேற்றம் மட்டும் இதற்கு விலக்கு. அது கொழுப்பமிலத்தின் உருவத்தையே திரித்து, இதயநோயைப் பெருக்கும் திரான்ஸ் கொழுப்பை உண்டாக்குகின்றது. 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் ஆலைகளில் உண்டாகும் திரான்ஸ் கொழுப்பை உலகெங்கும் ஒழிக்குமாறு அழைப்பு விடுத்தது. இந்தியா 2022இல் அதனை நூற்றுக்கு 2 பங்குக்குள் அடக்கியது.

இரண்டாவதாக, செய்முறை மாற்றுவது எண்ணெயோடு உடன் வரும் சிறுபொருள்களை. விற்றமின் ஈ, தாவர ஸ்திரோல்கள், பொசுபோலிப்பிட்டுகள், பீனோல்கள், நிறப்பொருள்கள் என்பன நூற்றுக்கு ஓரிரு பங்கினும் குறைந்தவை. ஆயினும் எண்ணெய் காறிப்போகாமற் காப்பவையும், உடலிற் சென்று தொழில் புரிபவையும் அவையே. பசை நீக்கும்போது பொசுபோலிப்பிட்டுகள் கழிகின்றன. நிறம் போக்கும்போதும் மணம் போக்கும்போதும் செம்பனை எண்ணெயின் கரோட்டீன் ஏறக்குறைய முழுவதும் அழிகின்றது. அது விற்றமின் ஏ-யின் மூலப்பொருள் என்பதால் குழந்தைகளின் கண்ணுக்கு நேரும் இழப்பு அது. மணம் போக்கும் கடும்வெப்பத்தில் விற்றமின் ஈயின் ஒரு பகுதி நீராவியோடு வெளியேறுகின்றது. அவ்வெப்பத்திற் புதியவையும் சில பிறக்கின்றன. கிளிசரோலும் குளோரீனும் சேர்ந்த ஒருவகை எசுத்தர்கள் சுத்திகரித்த எண்ணெய்களில் இருப்பது 2006ஆம் ஆண்டளவில் வெளிப்பட்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2016இல் அவை பற்றி எச்சரித்தது. பனையெண்ணெயில் அவை மிகுதி.

இவ்வளவும் கேட்பவர், வெப்பமே பகை, குளிர்ந்த முறையே நன்று என்று துணியக்கூடும். எள்ளும் தேங்காயும் அத்துணிவைக் கலைக்கின்றன.

நல்லெண்ணெய் பல திங்கள் வைத்தாலும் எளிதிற் கெடாது என்பது பாட்டிமார் கண்ட உண்மை. அதன் காரணத்தை 1980களில் யப்பானிய அறிஞர் விளக்கினர். எள்ளில் செசமின், செசமோலின் என்னும் பொருள்கள் உண்டு. எள்ளை வறுத்துப் பிழிந்தால் செசமோலின் சிதைந்து செசமோல் என்னும் வலிய ஒட்சியேற்ற எதிரியாக மாறுகின்றது. யப்பானியரும் சீனரும் வறுத்த எள்ளின் எண்ணெயை விரும்புவதற்குச் சுவை காரணமாயிருக்கலாம். ஆயினும் அவ்வெண்ணெய் நெடிது நிற்பதற்கு வறுப்பே பெருங்காரணம். இதனினும் வியப்பு ஒன்றுண்டு. சுத்திகரிப்பு ஆலையில் அமில மண்ணிட்டு நிறம் போக்குங்கால் அதே செசமோலின் வேறு வழியில் மாறிச் செசமினோல் என்னும் பிறிதோர் எதிரியாகின்றது. எனவே சுத்திகரித்த நல்லெண்ணெயைச் சத்தற்ற சக்கை என்று தள்ளிவிட முடியாது. மேலே சொன்ன செந்நிறச் சோதனையிற் காட்டிக்கொடுக்கும் பொருளும் இச்செசமோலினின் வழிவந்ததே.

தேங்காயின் கதை இக்கரைக்கு இன்னும் நெருங்கியது. இலங்கையின் கரையோர ஊர்களில் வீட்டுப் பெண்கள் தேங்காய் துருவிப் பால் பிழிந்து, அகன்ற சட்டியிலிட்டுக் கிளறிக் கிளறிக் காய்ச்சி எண்ணெய் எடுப்பது நெடுநாள் வழக்கம். நீர் வற்ற வற்ற, அடியிற் பொன்னிறமான கசடு திரள, மேலே எண்ணெய் தெளியும். குழந்தையின் உடம்பிற் பூசவும், தலைக்குத் தேய்க்கவும் அதையே தேடுவர். பின்னாளிற் சந்தைக்கு வந்த, தீயிற் காட்டாமற் பிரித்தெடுத்த கன்னித் தேங்காயெண்ணெய் உயர்ந்தது என்றும், காய்ச்சிய எண்ணெய் தாழ்ந்தது என்றும் வணிகர் சொல்லலாயினர். களனிப் பல்கலைக்கழகத்திற் கபில செனவிரத்தினவும் அவர்தம் மாணவரும் இவ்விரண்டையும் அளந்து பார்த்து 2008, 2009ஆம் ஆண்டுகளில் முடிவை வெளியிட்டனர். காய்ச்சிய எண்ணெயிலேயே பீனோல்கள் மிகுதியாகவும், ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் வன்மை அதிகமாகவும் இருந்தன. காரணம் நுட்பமானது. பீனோல்கள் நீரை விரும்புவன. குளிர்முறையிற் பாலின் நீரைப் பிரித்து ஊற்றும்போது அவை நீரோடு போய்விடுகின்றன. அடுப்பில் நீர் ஆவியாய்ப் போகும்போதோ அவற்றுக்குப் போக்கிடமின்றி, எண்ணெயிலே தங்குகின்றன.

இதற்கும் கொப்பரா எண்ணெய்க்கும் உள்ள வேறுபாட்டையும் மறத்தலாகாது. திருவனந்தபுரத்திற் கேரளப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2004இல் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில், பச்சைத் தேங்காயினின்று பெற்ற எண்ணெய் கொப்பரா எண்ணெயினும் இரத்தக் கொழுப்பிற்கு நலமாயிருந்தது. எலிக்குக் கண்டது மனிதனுக்கும் ஆகும் என்று உடனே கொள்வதற்கில்லை. ஆனால் கொப்பராவின் குறை வேறொன்று; அது கண்ணுக்குத் தெரியும் குறை. மழைக்காலத்தில் அரைகுறையாய் உலர்ந்த கொப்பராவிற் பச்சையும் மஞ்சளுமாய்ப் பூஞ்சணம் படரும்.

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பண்ணைகளில் ஏறக்குறைய ஓர் இலட்சம் வான்கோழிக் குஞ்சுகள் திடீரென மடிந்தன. காரணம் தெரியாத அந்நோய்க்கு 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயரிட்டனர். பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணமெனப் பின்னர் அறிந்தனர். அதிற் படர்ந்த பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சிற்கு அஃபிளடொக்சின் என்று பெயர் வந்தது. அது ஈரலைத் தாக்குவது, புற்றுநோயை விளைப்பது. வித்திலிருக்கும் நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கோடு நின்றுவிடும். எனினும் கசடு கலந்த, வடிகட்டாத எண்ணெயிற் சிறுபகுதி வந்து சேரும். செக்கு அதனை நீக்காது. எக்ஸ்பெலரும் நீக்காது. காரமிட்டு முறிக்கும் படியும் வெளிற்றும் மண்ணுமே அதனை நீக்குவன. செக்கின் பெயரைக் கேட்ட மாத்திரத்தே கையெடுத்துக் கும்பிடுவோர் இங்கே சற்று நிற்றல் வேண்டும். 1998இல் தில்லியிற் கடுகெண்ணெயில் ஆர்ஜிமோன் வித்தின் எண்ணெய் கலந்ததால் வீக்கநோய் பரவி அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அந்நஞ்சும் எந்தக் கருவியிற் பிழிந்தது என்று பார்த்து வந்ததில்லை.

இலங்கையில் இவ்வினா 2021 மார்ச்சில் ஊரெல்லாம் பேசும் பொருளாயிற்று. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான சுத்திகரியாத தேங்காயெண்ணெய்த் தொகுதிகளில் அஃபிளடொக்சின் அளவுக்கு மேல் இருப்பது சோதனையிற் தெரிந்தது. சித்திரைப் புத்தாண்டு நெருங்கிய வேளை. வீடுகளிற் பலகாரம் சுடும் காலம். அத்தொகுதிகளைத் திருப்பியனுப்புமாறு அதிகாரிகள் பணித்தனர். தென்னை விளையும் நாடு தேங்காயெண்ணெயைக் கடல்கடந்து வாங்குவது ஏன் என்று கேட்டவர் பலர். சந்தையிற் போத்தலில்லாமல் அளந்து விற்கும் எண்ணெய் எங்கிருந்து வந்தது, எந்தக் கொப்பராவிற் பிழிந்தது என்று கேட்டவர் சிலரே.

அச்சிலரின் வினாவே பயனுள்ளது. செக்கெண்ணெய்க்கு நல்ல வித்து வேண்டும். பூஞ்சணமற்று, நன்கு உலர்ந்து, பொறுக்கித் துப்புரவாக்கிய வித்தை ஆட்டி, கசடு படிய விட்டு, வெயிலும் காற்றும் படாது வைத்தால், வித்தின் சிறுபொருள்கள் அனைத்தும் உண்போர்க்குக் கிட்டும். கெட்ட வித்தை ஆட்டினால் கெட்டதும் அனைத்தும் கிட்டும். ஆலையோ நல்ல வித்தையும் கெட்ட வித்தையும் ஒன்றுபோலத் தோற்றுவிக்க வல்லது. அதன் நன்மையும் அதுவே, தீமையும் அதுவே. தமிழ்நாட்டில் 2010களில் ஊர்தோறும் மரச்செக்குக் கடைகள் மீண்டும் திறந்தபோது மின்விசை மாட்டின் இடத்தை எடுத்துக்கொண்டது. விலையோ ஆலையெண்ணெயினும் மிகுதி. வார்தாவினர் ஏழைக்கென்று காக்க முயன்ற பண்டம் இவ்வாறு வசதியுள்ளோர் தேடிச்செல்லும் பண்டமாயிற்று.

பிண்ணாக்கைப் பற்றி இறுதியில் ஒரு சொல். செக்கிழுத்த மாட்டுக்கே முற்காலத்தில் அது தீனியாயிற்று. எஞ்சிய பத்துப் பங்கு எண்ணெயும் மாட்டின் வயிற்றுக்கு வீணாய்ப் போகவில்லை. எட்பிண்ணாக்கை வெல்லத்தோடு சிறுவரும் தின்றனர். பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கைப் பசு தின்றால் அஃபிளடொக்சின் சற்றே உருமாறிப் பாலிற் சுரக்கின்றது என்பது 1960களின் தொடக்கத்தில் அறியப்பட்டது. எனவே எண்ணெயைப் பரிசோதிக்கும் நாடுகள் பல பாலையும் பரிசோதிக்கின்றன. கொப்பராக் களத்தில் விழும் மழை எண்ணெய்ப் போத்தலோடு பாற்செம்பையும் தொடுகின்றது.